லாங்போவும் 2 மில்லிமீட்டரும்: வில்லாளியின் விரலுக்கு ஏன் விதி?

விளையாட்டு விதிப்புத்தகங்களை வாசிப்பது எனக்கு ஒரு பழக்கம். மென்பொருள் வேலையில் இருப்பதால் வந்த கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதி விசித்திரமாக இருந்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அர்த்தம். பழைய கோடில் காரணமே புரியாத ஒரு 'இஃப்' வரி இருந்தால், அது என்றைக்கோ நடந்த ஒரு பிரச்சினையின் தழும்பு. விதிகளும் அப்படித்தான்.

உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிகளில், காட்டுக்குள் விலங்கு உருவங்களை வைத்து நடத்தும் 3டி போட்டிகளுக்கு லாங்போ என்று ஒரு பிரிவு உண்டு. லாங்போ என்றால் நம்ம ராபின் ஹூட் படங்களில் வருகிற அந்த நெடுவில். குறிபார்க்கும் கருவி கிடையாது, சமநிலைக் கம்பிகள் கிடையாது. வில், நாண், மர அம்பு, விரல், அவ்வளவுதான். அந்தப் பிரிவின் விதிகளில் விரலைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலேயும் மற்ற இரண்டு விரல்கள் கீழேயும் இருக்கலாம். அல்லது மூன்று விரல்களும் அம்புக்குக் கீழே இருக்கலாம். ஆனால் கீழே வைத்தால், ஆள்காட்டி விரலுக்கும் அம்பின் வால்பிளவுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்றக்கூடாது. இழுத்து நிறுத்தும் இடமும் முகத்தில் ஒரே இடமாக இருக்க வேண்டும்.

30 மீட்டர் தூரம் வரை அம்பு விடுகிற போட்டி. அதில் 2 மில்லிமீட்டருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், விதி வேறு எதையோ காவல் காக்கிறது என்று தெரிகிறது. பாரம்பரியம் என்ற பெயரில் நாம் எதைப் பாரம்பரியம் என்று சொல்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வில் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். குறிகருவி இல்லாத வில்லில் நிறையப் பேர் அம்பின் நுனியையே குறியாக வைத்துக்கொள்வார்கள். துப்பாக்கியில் முன்குறி, பின்குறி என்று இரண்டு இருக்குமே, அது மாதிரி. இங்கே முன்குறி அம்பின் நுனி. பின்குறி நம் கண்.

ஆனால் அம்பு கண்ணுக்கு நேராக இல்லை. வாயோரத்தில் நாணை இழுத்து நிறுத்துகிறோம் என்றால், அம்பின் வால் கண்ணுக்கு 10, 11 சென்டிமீட்டர் கீழே இருக்கும். அதனால் அம்பு நுனியை இலக்கின் மேல் வைத்துப் பார்க்கும்போது, அம்பு உண்மையில் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தூரத்து இலக்குக்கு அது நல்லது, புவியீர்ப்பு கீழே இழுக்கிறதை இந்தச் சாய்வு ஈடுகட்டும். கிட்டத்து இலக்குக்கு அம்பு தலைக்கு மேலே போய்விடும்.

அம்பின் வேகம் வினாடிக்கு 45 மீட்டர், நீளம் 70 சென்டிமீட்டர், கண்ணிலிருந்து அம்பு வால் 11 சென்டிமீட்டர் கீழே என்று வைத்து, காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுனியை இலக்கில் வைத்தால் அம்பு சரியாக அங்கேயே போய்க் குத்துகிற தூரம் 60 மீட்டரைத் தாண்டி வருகிறது. 20 மீட்டரில் அதே மாதிரி குறி வைத்தால் அம்பு சுமார் 2 மீட்டர் உயரத்தில் பறந்து போகும். ஆகவே கிட்டத்து இலக்குக்கு நுனியை இலக்குக்கு வெகு கீழே, தரையில் எங்கேயோ வைத்துக் குறிபார்க்க வேண்டும். அந்த 'எங்கேயோ'வை ஒவ்வொரு தூரத்துக்கும் மனதில் பழக்கிக்கொள்வதுதான் இந்த வில்லின் கஷ்டமும் சுகமும்.

இப்போது விரலுக்கு வருவோம். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே இருக்கிற பிடியிலிருந்து, மூன்றும் கீழே இருக்கிற பிடிக்கு மாறுகிறீர்கள். ஆள்காட்டி விரல் முகத்தில் அதே வாயோரத்தில்தான் நிற்கிறது. ஆனால் அம்பு ஒரு விரல் கனம் மேலே ஏறிவிட்டது. சுமார் 2 சென்டிமீட்டர். அம்பின் நீளம் 70 சென்டிமீட்டர் என்பதால், கோணம் 70-க்கு 2 என்ற அளவில் குறைகிறது. 30 மீட்டரில் அது ஏறக்குறைய 85 சென்டிமீட்டர்!

ஒரு விரலின் கனம் அம்பை முக்கால் மீட்டருக்கு மேல் கீழே இறக்குகிறது. அதே விகிதத்தில் 2 மில்லிமீட்டர் என்றால் 8 சென்டிமீட்டர் சொச்சம். அதற்குப் பெரிதாகப் பலன் இல்லை, தோல் உறையின் தடிமனே அவ்வளவு இருக்கும். ஆக, 2 மில்லிமீட்டர் என்பது தற்செயலுக்கான சலுகை. அதற்கு மேல் போனால் அது திட்டமிட்ட வேலை.

நாணில் நடக்கிற விரல்

அந்தத் திட்டமிட்ட வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரிங் வாக்கிங்' என்று பெயர், நாணில் நடப்பது. 10 மீட்டர் இலக்கா, விரல்களை அம்புக்குக் கீழே பல சென்டிமீட்டர் இறக்கிப் பிடி. 20 மீட்டரா, அதைவிடக் கொஞ்சம் மேலே. 40 மீட்டரா, அம்பை ஒட்டிப் பிடி. ஒவ்வொரு தூரத்துக்கும் நாணில் ஓர் இடம். எல்லாத் தூரத்துக்கும் அம்பு நுனியை நேராக இலக்கின் நடுவிலேயே வைத்துக்கொள்ளலாம். விரல் உறையில் இருக்கிற தையல்களை எண்ணி, எத்தனையாவது தையலில் பிடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

இதன் தம்பி 'ஃபேஸ் வாக்கிங்'. நாணில் விரலை மாற்றாமல், முகத்தில் நிறுத்தும் இடத்தை மாற்றுவது. தூரத்துக்குத் தாடை, கிட்டத்துக்குக் கன்ன எலும்பு. பலன் ஒன்றுதான்: பின்குறியை ஏற்றி இறக்குவது.

இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். அதே சம்மேளனத்தின் பேர்போ பிரிவில் இரண்டுமே தாராளமாக அனுமதி. அங்கே அது திறமை. லாங்போவில் மட்டும் தடை. ஏன் என்றால், வில்லில் குறிகருவி வேண்டாம் என்று பிரித்து எடுத்து வைத்த ஒரு பிரிவில், விரலையே குறிகருவியாகப் பயன்படுத்துவது அந்தப் பிரிவின் நோக்கத்தைக் காலி செய்துவிடும். கருவியைத் தடை செய்தாயிற்று, கருவியின் வேலையை எப்படித் தடை செய்வது? அதற்குத்தான் விரலை அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. இதே 3டி போட்டிகளில் லாங்போவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிரிவு உண்டு. இன்று அதற்கு 'ட்ரெடிஷனல்' என்று பெயர், முன்பு 'இன்ஸ்டிங்டிவ்'. அதாவது உள்ளுணர்வால் எய்பவர்களின் பிரிவு. அழகான பெயர்தான். ஆனால் ஒருவர் உள்ளுணர்வால் எய்தாரா, மனசுக்குள் கணக்குப் போட்டு எய்தாரா என்று எந்த நடுவர் பார்த்துச் சொல்ல முடியும்? விரல் அம்பை ஒட்டியிருக்கிறதா என்பதைப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்கலாம். நோக்கத்தைச் சோதிக்க முடியாது, விரலைச் சோதிக்கலாம். நல்ல விதி என்பது சோதிக்கக்கூடிய விதி. எங்கள் தொழிலிலும் இதே பாடம்தான்.

சரி, இது பாரம்பரியமா?

இந்த விதிகளைப் பற்றிப் பேசும்போது "பழைய காலத்தில் இப்படித்தான் எய்தார்கள், அதனால்தான் இந்த விதி" என்று சொல்வது வழக்கம். இங்கேதான் வரலாறு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

இங்கிலாந்து லாங்போ என்றதும் எல்லாரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1415-இல் அஜின்கோர்ட் போருக்கு முன், பிடிபடுகிற ஆங்கில வில்லாளிகளின் இரண்டு விரல்களை வெட்டுவோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் மிரட்டினார்களாம். வென்ற பிறகு ஆங்கிலேயர்கள் அந்த இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்களாம். அதிலிருந்துதான் பிரிட்டனில் இரண்டு விரல் காட்டித் திட்டுகிற பழக்கம் வந்ததாம். நல்ல கதை, ஆனால் ஆதாரம் நிற்கவில்லை. அந்தக் காலத்து ஆளான ஜான் தெ வாவ்ரின், பிரெஞ்சுப் படையோடு அந்தப் போரில் இருந்தவர், எழுதியிருப்பது வேறு. அரசர் ஐந்தாம் ஹென்றி தன் வீரர்களிடம் பேசும்போது, எதிரிகள் வில்லாளிகளின் வலக்கையில் மூன்று விரல்களை வெட்டப்போவதாகப் பெருமை அடித்தார்கள் என்று சொன்னாராம். வெட்டினார்கள் என்று இல்லை. விரலை உயர்த்திக் காட்டியதாகவும் இல்லை. இரண்டு விரல் வசைச் சைகைக்குக் கிடைக்கிற தெளிவான பழைய சாட்சி 1901-இல் ராதர்ஹாம் அருகே ஓர் இரும்பாலை வாசலில் எடுத்த சலனப்படம். நடுவில் கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம்.

ஆனால் வாவ்ரினின் அந்த 'மூன்று' நமக்கு முக்கியம். மூன்று விரல் இழுப்பு என்று அது காட்டுகிறது. இதற்கு இன்னொரு சாட்சி, ரோஜர் ஆஸ்கம் 1545-இல் வெளியிட்ட 'டாக்ஸோஃபிலஸ்'. ஆங்கிலத்தில் வில்வித்தைக்கென்றே அச்சான முதல் புத்தகம். எட்டாம் ஹென்றிக்கு அர்ப்பணித்து, வருஷம் 10 பவுண்டு ஓய்வூதியம் வாங்கிவிட்டார் மனுஷன். கையுறையைப் பற்றி எழுதும்போது ஆஸ்கம் ஒரு கூர்மையான அவதானிப்பைச் சொல்கிறார். நாணின் சுமை முழுக்க ஆள்காட்டி விரலிலும் மோதிர விரலிலும்தான் விழுகிறது, நீளமான நடுவிரல் சோம்பேறி மாதிரி பின்வாங்கிக்கொள்கிறது, அதனால் அந்த இரண்டு விரல்களுக்குத்தான் தோல் தடிமனாக வேண்டும் என்கிறார். கையால் செய்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது.

அதே 1545-இல்தான் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் கப்பல் மூழ்கியது. 1982-இல் அதை மேலே தூக்கினார்கள். அந்தக் கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட வில்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களை முழுதாக இழுக்க 100 பவுண்டிலிருந்து 180 பவுண்டு வரை பலம் வேண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய போட்டி லாங்போ பெரும்பாலும் 40, 50 பவுண்டு. 150 பவுண்டு வில்லை வைத்துக்கொண்டு யாரும் நாணில் தையல் எண்ணிக்கொண்டு நிற்கப்போவதில்லை. போர்க்கள வில்லாளிக்கு விரல் விதியே தேவைப்படவில்லை, வில்லின் கனமே விதி.

இன்னொன்று, அந்தக் காலத்தில் நாணைக் காது வரை இழுப்பதுதான் பெருமை. காதுக்கு இழுத்தால் அம்பு கண்ணுக்கு நேர்கீழே இருக்காது, பக்கவாட்டில் விலகியிருக்கும். குறிபார்ப்பது கஷ்டம். இதை உடைத்தவர் ஹொரேஸ் ஃபோர்டு. 1849-லிருந்து 1859 வரை தொடர்ந்து இங்கிலாந்தின் சாம்பியன். அம்பு கண்ணுக்கு நேர்கீழே வர வேண்டும், அதற்காக இழுக்கும் இடத்தைக் காதிலிருந்து தாடைப் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று வாதாடி, 1856-இல் புத்தகமே எழுதினார். அடுத்த வருஷம் 100, 80, 60 கெஜ தூரங்களில் 288 அம்புகள் விட்டு 245-ஐ இலக்கில் குத்தி 1251 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சாதனை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றது.

ஃபோர்டு செய்தது என்ன? பின்குறியை இடம் மாற்றினார். ஒரு வகையில் அவர்தான் முதல் பெரிய 'ஃபேஸ் வாக்கர்', ஒரே ஒரு முறை மட்டும் நடந்தார். இன்று லாங்போ ஆட்களில் பலர் வாயோரத்திலும் தாடையிலும் நாணை நிறுத்துகிறார்களே, அது அஜின்கோர்ட்டின் வாரிசு இல்லை, ஃபோர்டின் வாரிசு. ஒரு தலைமுறையின் புதுமை அடுத்த தலைமுறைக்குப் பாரம்பரியம் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் இது இன்னும் ஒரு படி போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலக்கு வில்லாளிகள் தரையில் ஒரு சின்ன அடையாளத்தை ஊன்றிவைத்து, அம்பு நுனியை அதன் மேல் வைத்துக் குறிபார்த்தார்கள். நான் மேலே சொன்ன 'தரையில் எங்கேயோ'வுக்கு ஒரு முளைக்குச்சி. இதெல்லாம் ரொம்பச் சம்பிரதாயமாகப் போய்விட்டது என்று சலித்துக்கொண்டவர்கள், 1934-இல் கலிஃபோர்னியாவின் ரெட்லேண்ட்ஸில் காட்டுவழியில் நடந்துகொண்டே எய்யும் களப்போட்டியைத் தொடங்கினார்கள். 1939-இல் அதற்கு ஒரு தேசிய சங்கமும் வந்தது. இன்றைய விரல் விதிகளின் வேர் அஜின்கோர்ட்டை விட இந்தச் சலிப்பில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. வில் எய்வதில் அளவுகோலைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை அது.

கட்டைவிரல் எங்கே போனது?

தமிழ் வாசகர்கள் இந்நேரம் ஒரு கேள்வியோடு இருப்பீர்கள். ஆள்காட்டி, நடு, மோதிரம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோமே, துரோணர் ஏகலைவனிடம் கேட்டது கட்டைவிரலை அல்லவா?

சரியான கேள்வி. நாம் இதுவரை பார்த்த மூன்று விரல் பிடிக்குக் கட்டைவிரல் தேவையே இல்லை. அந்தப் பிடிக்காரனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டிருந்தால் நஷ்டம் அவ்வளவு இல்லை. மகாபாரதத்தில், கட்டைவிரலைக் கொடுத்த பிறகு ஏகலைவன் மற்ற விரல்களால் எய்து பார்க்கிறான், பழைய வேகம் வரவில்லை என்று கதை போகிறது. கட்டைவிரல் நாணில் முக்கிய வேலை செய்கிற ஒரு பழக்கத்தில்தான் இந்தக் கதைக்கு அர்த்தம் வரும். வசிஷ்டர் பெயரில் வழங்கும் தனுர்வேத நூல் நாண் இழுக்கும் கைக்கு ஐந்து முஷ்டிகளைச் சொல்கிறது: பதாகா, வஜ்ரமுஷ்டி, சிம்மகர்ணம், மத்சரி, காகதுண்டி. ஒன்றே சரி, மற்றது தப்பு என்ற பேச்சே இல்லை.

ஆசியாவின் பெரும்பகுதி கட்டைவிரலால் இழுத்தது. மங்கோலியர், துருக்கியர், சீனர், கொரியர், ஜப்பானியர், முகலாயர். நாண் அறுக்காமல் இருக்கக் கட்டைவிரலில் கொம்பிலோ கல்லிலோ வளையம். ஷாஜஹானின் மாணிக்கக்கல் மாதிரி மின்னும் தங்கவேலை செய்த பச்சைக்கல் வளையம் ஒன்று இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொரியாவில் இன்றும் இப்படி வளையம் போட்டு 145 மீட்டர் இலக்குக்கு எய்கிறார்கள். கட்டைவிரல் பிடியில் அம்பு வில்லின் மறுபக்கத்தில் உட்காரும். வலக்கையால் இழுப்பவருக்கு மூன்று விரல் பிடியில் இடப்பக்கம், கட்டைவிரல் பிடியில் வலப்பக்கம்.

இந்த வித்தியாசத்தை மேற்குலகில் முதலில் முறையாக ஆராய்ந்தவர் எட்வர்ட் மோர்ஸ். விலங்கியல் ஆள், டோக்கியோவில் பேராசிரியராக இருந்தவர். ஒரு ஜப்பானிய நண்பரோடு சேர்ந்து அம்பு விட்டபோது, அவர் செய்கிற எல்லாமே தனக்குத் தெரிந்த ஆங்கில முறைக்கு நேர் எதிராக இருப்பதைப் பார்த்து அசந்துபோயிருக்கிறார். இவ்வளவு எளிய கருவியைக் கையாள இன்னொரு வழி இருக்கும் என்றே அவர் நினைத்திருக்கவில்லை. அந்த ஆச்சரியம் 1885-இல் ஒரு கட்டுரையானது. உலகத்தின் நாண் பிடிகளை ஐந்தாக வகைப்படுத்தினார். அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர்தான் மெடிட்டரேனியன், மத்தியதரைக்கடல் பிடி. இன்றைய விதிப்புத்தகங்களில் வருகிற அதே சொல். ஐந்து வகைகளில் ஒன்றாக அவர் எழுதி வைத்தது, போட்டி விதிகளில் இயல்பான பிடி என்ற இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. கட்டைவிரல், தனி விலக்காகவோ வரலாற்று வில் என்ற தனிப் பிரிவாகவோதான் உள்ளே வருகிறது.

லாங்போ ஐரோப்பிய வில், அதற்கு ஐரோப்பியப் பிடி என்பதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மங்கோலிய வில்லாளியோ கொரிய வில்லாளியோ தன் தாத்தா எய்த மாதிரியே எய்துகொண்டு வந்து நின்றால், அவரைப் பார்த்து "பாரம்பரிய முறையில் எய்யுங்கள்" என்று சொல்ல நேரும்போது அந்தச் சொல் கொஞ்சம் இடறும்.

விதி எதைக் காக்கிறது?

இந்த விதியில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று, எல்லாரும் குறிகருவி இல்லாமல் சமமாக நிற்க வேண்டும். இதற்கு 2 மில்லிமீட்டர் போதும், அருமையான விதி, கணக்கும் ஒத்துப்போகிறது. இரண்டு, பழமையைக் காக்க வேண்டும். இதற்கு இந்த விதி உதவாது. காது வரை இழுத்தவனும், வளையம் போட்டவனும், ஐந்து முஷ்டிக்காரனும் எல்லாரும் பழமைதான். மூன்று விரலும் கீழே என்பதைப் புதுசு என்று முகம் சுளிக்கிறவர்கள், வாயோரத்தில் நாணை நிறுத்துவதைப் பழசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வேலைக்குத்தான் விதி என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் நிறையச் சண்டை குறையும். கட்டைவிரல்காரருக்கும் அதே அளவுகோலைப் போடலாம்: அம்பை ஒட்டிப் பிடி, ஒரே இடத்தில் நிறுத்து, நாணில் நடக்காதே. எந்த விரல் என்பது அவரவர் ஊர் வழக்கம். அவர் எந்த விதத்திலும் கூடுதல் குறிகருவியோடு வரவில்லையே.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், வில் வேண்டாம். ஒரு நீளமான ஸ்கேலை வாயோரத்தில் பிடித்து, அதன் நுனியைச் சுவரில் ஒரு புள்ளிக்கு நேராக வையுங்கள். நுனியை அசைக்காமல், வாயோரத்து முனையை ஒரு விரல் கனம் ஏற்றுங்கள். ஸ்கேல் காட்டுகிற திசை சுவரில் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.